மெடிக்கல் அண்ணாச்சிமாருக்கு, முகப்பரு விஷயமாக

தமிழ்நாட்டில் மருந்துக்கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கும், கல்லாவுக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புகார்க் கடிதம் இல்லை. புகார் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதியிருப்பேன். எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வருவார். மெடிக்கல் அண்ணாச்சியோ காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் ராத்திரி பத்து வரை அங்கேயேதான் இருப்பார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, முதலில் அவரிடம்தான் ஓடுவோம். என் அப்பாவுக்கு நெஞ்சு வலித்த ராத்திரி, "இதுக்கு நான் மருந்து தரமாட்டேன், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர் அவர். அப்பா இன்றைக்கும் இருக்கிறார் என்றால் அதற்கு அந்த ஒரு வாக்கியமும் காரணம்.

அதே அண்ணாச்சியின் கையிலிருந்துதான், பருவுக்கென்று நான் போட்ட அந்த ட்யூபும் எனக்கு வந்தது.

2011-ல் நான் பதினொன்றாம் வகுப்பு. பரு என்றால் எல்லாருக்கும் வருகிற நாலைந்து சின்னக் கொப்புளங்கள் இல்லை. இரண்டு கன்னத்திலும் தாடையிலும் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி கட்டியாக, தோலுக்கு அடியில் கல்லைப் புதைத்து வைத்ததுபோல. தலையணையில் கன்னத்தை வைத்துப் படுக்க முடியாது. உடைந்தால் சீழோடு ரத்தமும் வரும். முதுகிலும் இருந்ததால் யூனிஃபார்மில் கறை படியும். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பேன். வகுப்பில் "யாரோ உன்னையே நினைச்சிட்டிருக்காங்க" என்ற கிண்டல். வீட்டில் "உடம்புச் சூடு" என்ற தீர்ப்பு. சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல். ஆச்சி ஜாதிக்காயை இழைத்துப் பூசினாள். பெரியம்மா திருநீற்றுப்பச்சிலைச் சாறு தடவினாள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கைகளாவது தொட்டன. மற்றவர்கள் பார்க்கக்கூடத் தயங்கினார்கள்.

கடைசியில் அம்மா கடைக்குப் போனாள். "அண்ணாச்சி, பிள்ளைக்கு மொகமெல்லாம் ஒரே பருவா கெடக்கு, ஏதாச்சும் குடுங்களேன்." அவர் கொடுத்தார். "ராத்திரி படுக்கும்போது போடச் சொல்லுங்க அக்கா, ஒரே வாரத்துல தெளிஞ்சிரும்."

ஒரே வாரத்தில் தெளிந்தது. அதுதான் அந்த மருந்தின் கெட்டிக்காரத்தனம். சிவப்பு அடங்கியது, கட்டி அமுங்கியது, நிறமும் ஒரு சுற்று வெளுத்தது. பக்கத்து வீட்டு அக்கா "என்ன போடுதே?" என்று கேட்டு அவளும் வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்கு நானே பெயரை எழுதிக் கொடுத்தேன். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், தப்பு உங்கள் பக்கம் மட்டும் இல்லை.

எட்டு மாதம் போட்டேன். நாலாவது மாதத்திலேயே வெயிலில் நின்றால் முகம் பற்றி எரிந்தது. கன்னத்தில் நூல் மாதிரி ரத்த நாளங்கள் தெரிந்தன. மீசை அரும்புகிற இடத்தில் பூனைமுடி கறுத்தது. இரண்டு நாள் போடாமல் விட்டால் முன்னைவிட மோசமாகப் பொங்கியது. மறுபடி போட்டால் அடங்கியது. குடிகாரர்கள் காலையில் கை நடுக்கத்தை நிறுத்த இன்னொரு கிளாஸ் போடுவதாகச் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

அந்த ட்யூபில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று சரக்கு: நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. இந்த மூன்றின் கூட்டு, பரு மருந்தாகப் பிறந்ததே இல்லை. 1975-ல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், நாம் மங்கு என்று சொல்கிறோமே அந்தக் கரும்படலத்துக்காக எழுதிய கூட்டின் பேரப்பிள்ளை அது. அதையும் சில வாரம் மட்டும், டாக்டர் கண்பார்வையில் போட வேண்டும். ஸ்டீராய்டு ரத்த நாளங்களைச் சுருக்கி வீக்கத்தை அமுக்குவதால் முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். நாளாக ஆகத் தோல் மெலியும், சிவக்கும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். இப்படிக் கெட்டுப்போன முகங்களை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் எக்கச்சக்கமாகப் பார்த்துவிட்டு, அதற்கென்று தனியாக ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 'டாப்பிக்கல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்' என்ற அந்தப் பெயர் வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை, இந்தியாவில் வைத்தது. நம் மெடிக்கல் கல்லாக்கள் உலக மருத்துவ அகராதிக்குக் கொடுத்த கொடை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச்-சின் கீழ் கொண்டுவந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கியது. எனக்கு ட்யூப் கிடைத்தது அதற்கு ஏழு வருடம் முன்னால். ஆகவே அன்றைக்குக் கொடுத்ததைச் சட்டம் காட்டிக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் கல்லூரிப் பக்கத்துக் கடையில் சன்ஸ்கிரீன் வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பையன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி அதே வகை ட்யூபை அரை நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போனான். சீட்டை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் அரசு மருத்துவமனையில் தோல் ஓ.பி. வரிசையில் நின்றோம். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எந்த ட்யூப் போட்டே?" பருவைப் பற்றி அப்புறம்தான் பேசினார். ட்யூபை நிறுத்தச் சொல்லி, "ஒரு மாசம் பயங்கரமா பொங்கும், பயப்படாதே" என்றார். பொங்கியது. டாக்சிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் மாத்திரை, பூசுவதற்கு இரவில் அடாபலின், காலையில் பென்சாயில் பெராக்சைடு. அந்த பெராக்சைடு பட்டு வீட்டுத் தலையணை உறையெல்லாம் வெள்ளைத் திட்டாகப் போனது. அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவாள். மூன்று மாதத்தில் மேலோட்டப் பரு குறைந்தது, கட்டிகள் குறையவில்லை. ஏற்கெனவே இரண்டு குழி விழத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் டாக்டரம்மா பெரிய மருந்துக்குப் போகலாம் என்றார்: ஐசோட்ரெட்டினாயின்.

இந்த இடத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கர்ப்பப் பரிசோதனையும் எழுதினார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்யாணம் ஆகாத பிள்ளை, டாக்டரம்மா." அவர் கோபப்படவில்லை. "தெரியும்மா. பஸ்ல ஏறுற எல்லார்கிட்டயும்தானே கண்டக்டர் டிக்கெட் கேக்குறாரு? உங்களத் திருடின்னா கேக்குறாரு?" அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் டாக்டரம்மா ஏன் என்று விளக்கினார். இந்த மருந்து சாப்பிடும் காலத்தில் கரு உண்டானால், கொஞ்ச நாள் சாப்பிட்டிருந்தாலும், குழந்தைக்கு மூளையிலும் இதயத்திலும் காதிலும் முகத்திலும் கடுமையான குறைபாடு வரலாம். கரு கலையவும் கலையலாம். அதனால் தொடங்கும் முன்னும், சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமும் கருத்தரிக்கக்கூடாது. இன்னும் நீண்ட இடைவெளி விடச் சொல்லும் மருத்துவர்களும் நம் நாட்டில் உண்டு.

சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். இது எங்கள் ஊர் அண்ணாச்சி கடை இல்லை, வேறு கடை. கல்லாவில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைத் தனியே கூப்பிட்டார். "இது ரொம்ப பவர் மாத்திரை அக்கா. வயசுப் பிள்ளைக்குக் குடுத்தா பின்னாடி கொழந்தையே தங்காது. அதுக்குத்தான் பெட்டியில கட்டம் கட்டி எழுதியிருக்கான் பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை. விற்றால் லாபம் வரும் சரக்கை வேண்டாம் என்று சொன்னவர் எப்படிக் கெட்டவர் ஆவார்? ஆனால் நான் தமிழ் வாத்தியார். அந்த வாக்கியத்தை இத்தனை வருடமாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி சொல்வது, "இதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக்கூடாது." அவர் சொன்னது, "இதைச் சாப்பிட்டால் கருத்தரிக்காது." நடுவில் ஒரு 'கூடாது' போய்விட்டது, அர்த்தம் தலைகீழாகிவிட்டது. பிற்காலத்தில் குழந்தை பிறப்பதை இந்த மருந்து கெடுப்பதில்லை. உடம்பில் அது தங்கியிருக்கும் காலத்தில் உருவாகிற கருவுக்குத்தான் ஆபத்து. இவர் படித்தபடியே கல்யாணமான ஒரு பெண் படித்தாளானால், 'இதைச் சாப்பிட்டால் எப்படியும் குழந்தை தங்காதாமே' என்று தைரியமாக இருந்துவிடுவாள். யோசித்துப் பாருங்கள், எந்த ஆபத்தைத் தடுக்க அந்தக் கட்டத்தைக் கட்டினார்களோ அதிலேயே கொண்டுபோய் விடுகிறது அந்த ஒரு சொல்.

அம்மா சீட்டை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். நாலு மாதம் அங்கேயே இருந்தது.

அந்த நாலு மாதம் என் முகத்தில் எங்கே இருக்கிறது என்று என்னால் தொட்டுக் காட்ட முடியும். இடது கன்னத்தில் ஏழு குழி, வலது தாடையில் இரண்டு தடித்த தழும்பு. இந்தக் கட்டிப் பரு ஆழத்தில் அழுகும்போது தோலின் அடித்தளமே கரைந்துவிடுகிறது. பருவுக்கு மருந்து உண்டு. குழியைத் தூர்ப்பதற்கு ஊசி, லேசர் என்று என்னென்னவோ இருக்கிறது, எதுவும் பழைய கன்னத்தைத் திருப்பிக் கொடுக்காது. அதனால்தான் கடுமையான பருவில் காலம் கடத்தாதே என்கிறார்கள். நாலு மாதம் கழித்து, கல்லூரி விடுதியிலிருந்து நானாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். திட்டவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் பேசினார். ஓ.பி. வரிசை கதவைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது.

இனி அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐசோட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ-யின் உறவுக்காரன். முகத்தில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைச் சுருங்க வைக்கிறது, துளைகள் அடைபடாமல் பார்க்கிறது, எண்ணெய் இல்லாததால் அதில் வாழும் கிருமியும் குறைகிறது, வீக்கமும் தணிகிறது. பருவுக்கு இருக்கிற மருந்துகளில் இந்த நாலு காரணத்தையும் ஒருசேரத் தொடுவது இது ஒன்றுதான். 1979-ல் அமெரிக்காவில் கேரி பெக் என்ற மருத்துவரும் அவர் குழுவும் எந்த மருந்துக்கும் அடங்காத 14 பேருக்கு நாலு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்கு முழுவதும் மறைந்தது. 1982-ல் அங்கே அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்த செய்தியும் வரத் தொடங்கியது. அதன் பிறகு படிப்படியாகக் கெடுபிடி கூட்டி, 2006-லிருந்து அங்கே மருத்துவர், நோயாளி, மருந்துக்கடை மூன்று பேரும் ஒரே திட்டத்தில் பதிவு செய்தால்தான் மருந்து கைக்கு வரும் என்று ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 2023 அக்டோபர் கடைசியில், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடங்க மருந்து எழுதுகிறவர்கள் இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். இவ்வளவு பயந்தும் ஏன் தடை செய்யவில்லை? கடும் பருவுக்கு இதற்கு ஈடாக வேறொன்று இல்லை, அதனால்தான்.

டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் போட்ட கணக்கு இது. என் எடை 50 கிலோ. கிலோவுக்கு மொத்தம் 120 மில்லிகிராம் போய்ச் சேர வேண்டும். ஆக 6000 மில்லிகிராம். முதல் 60 நாள் தினம் 20, அதில் 1200. பாக்கி 4800-ஐ தினம் 40 வீதம் 120 நாள். மொத்தம் ஆறு மாதம். இப்போது கல்லாவில் நின்று யோசியுங்கள்: யாரோ வந்து "பருவுக்கு அந்த மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்கிறார்கள். 20 மில்லிகிராமில் பத்து மாத்திரை என்றால் அதில் இருப்பது 200. என் கணக்குக்கு 30 அட்டை. ஒரு அட்டையால் பரு போகாது. ஆனால் ஒரு கருவைக் கெடுக்க அதுவே அதிகம்.

சாப்பிட்ட ஆறு மாதமும் ஒன்றும் பூப்பந்தலில் நடந்ததாகச் சொல்லமாட்டேன். முதல் மூன்று வாரம் பரு இன்னும் கிளம்பியது. அது வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் தாங்கினேன். உதடு வெடித்து வெடித்து ரத்தம் வந்தது. உதட்டில் நெய் தடவித்தான் வகுப்புக்குப் போவேன். மூக்கில் இரண்டு முறை ரத்தம். கண் உலர்ந்து மணல் போட்டதுபோல உறுத்தியது. விளையாட்டு தினத்துக்குப் பயிற்சி செய்தால் முதுகு மறுநாள் பிடித்துக்கொண்டது. மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் பாதிகூடச் சேராது. அதனால் ஆச்சிக்கு ஒரே சந்தோஷம், தோசையில் நெய் ஊற்ற டாக்டரே சீட்டு எழுதிவிட்டார் என்று. அதே ஆச்சிதான் அந்த மென்மையான உறை எதில் செய்தது என்று கேட்டு வைத்தாள். விலங்குக் கொழுப்பில் இல்லை ஆச்சி, ஜெலட்டின் என்றேன். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. சைவ வீடு.

கல்லீரலுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் தொடங்கும் முன் ஒரு சோதனை, நடுவில் இரண்டு. மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை. ரத்ததானம் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம். மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா கேட்பார். இந்த மருந்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை, ஆனால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்று. என் விஷயத்தில் மனசு தலைகீழாக மாறியது உண்மை: நாலாவது மாதம் விடுதிக் கண்ணாடி முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு தலை சீவினேன். அதற்கு முன் இருட்டிலேயே சீவிப் பழகியிருந்தேன். ஆறு மாதம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கட்டிப் பரு திரும்பவில்லை. சிலருக்குத் திரும்பும், இரண்டாம் சுற்று தேவைப்படும். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு அண்ணாச்சியின் காதுக்கு இந்தச் செய்தி எட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இதன் மறுபக்கத்தைப் போன வருடம் பார்த்தேன். எங்கள் கல்லூரியில் இறுதியாண்டுப் பெண், தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உதடு வெடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். கேட்டேன். தோழியின் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்; அதைக் காட்டி ஒரு கடையில் நாலு மாத்திரை, இன்னொரு கடையில் ஆறு மாத்திரை என்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு ஆறு வாரம். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டை. அதில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது. சிவப்புக் கோடு, காலாவதித் தேதி, கர்ப்ப எச்சரிக்கை எல்லாம் கத்தரிக்கோலின் அந்தப் பக்கம் போய்விட்டது. முக்கியமான வேடிக்கை, இன்னொரு டாக்டர் வேறு எதற்கோ எழுதிய டாக்சிசைக்ளினையும் கூடவே விழுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறித் தலைவலியும் பார்வைக் கோளாறும் வரலாம் என்பதால் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரண்டையும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறாள். மறுநாளே தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நிறுத்தினார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது; பிள்ளை பெறும் விஷயத்தில் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையையும் உட்கார வைத்து அவர் விளக்கினார். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். கல்லாவில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதிர்ஷ்டமே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. 'நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் கொடுப்பான்' என்பது உண்மை. சீட்டு கேட்டால் "பெரிய டாக்டராட்டம் கேக்கான்" என்று முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தோல் டாக்டர் பக்கத்து ஊரில்கூட இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் ஓ.பி.க்குப் போக வேண்டும். "செட்டு மாத்திரை" கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு முழு அட்டை வாங்கக் காசும் இருக்காது. ஃபார்மசி படித்தவரின் சான்றிதழ் சுவரில் சட்டம் போட்டுத் தொங்க, ஆள் வேறெங்கோ இருக்கிற கடைகள் எத்தனை என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். அதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. ஆனால் 2015-ல் வந்த ஃபார்மசி ஒழுங்குமுறைகள் மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வதையும் மருந்தாளுநரின் வேலையாகத்தான் வைத்திருக்கின்றன. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கைக்கு வாயும் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்த வாயைத்தான் கேட்கிறேன். கட்டி கட்டியாகப் பருவோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், அப்பாவின் நெஞ்சு வலிக்குச் சொன்னதையே சொல்லுங்கள்: "இதுக்கு நான் மருந்து தரமாட்டேன், தோல் டாக்டர்கிட்டப் போங்க." பத்து நாளில் பெண் பார்க்க வருகிறார்கள், ஏதாவது கொடுங்கள் என்று அம்மா கெஞ்சினாலும் அந்த ட்யூபை எடுக்காதீர்கள், பத்தாவது நாள் வெளுக்கும், பத்தாவது மாதம் வெந்துபோகும். யாராவது ஐசோட்ரெட்டினாயின் சீட்டோடு வந்தால் பயமுறுத்தாதீர்கள். சீட்டு இவர் பெயரிலா, எந்தத் தேதி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வைட்டமின் ஏ சத்து மாத்திரை ஏதும் எடுக்கிறாரா என்று கேளுங்கள். பெண் என்றால், கர்ப்பம் பற்றி டாக்டர் சொன்னாரா என்று குரலைத் தாழ்த்திக் கேளுங்கள், நாலு பேர் காதில் விழும்படி வேண்டாம். ஆண்பிள்ளையிடமும் ரத்ததானம் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். சீட்டு இல்லாவிட்டால், எவ்வளவு பழகிய வீடானாலும், ஒரு மாத்திரைகூட வேண்டாம். முக்கியமாக, இந்த ஒரு மருந்தின் அட்டையையாவது கத்தரிக்காதீர்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. சில ஆண்டிபயாடிக்குகளுக்கும் தூக்க மருந்துகளுக்கும் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் ஹெச்1 என்று தனிப் பதிவேடு வைத்து, வாங்கியவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் குறித்து மூன்று வருடம் பாதுகாக்கிறீர்கள். இந்த மருந்துக்கும் அப்படி ஒரு நோட்டு வந்தால் போட்டோச் சீட்டு வியாபாரம் பாதி குறையும். அந்தக் கடிதத்தைத் தனியே எழுதுகிறேன். உங்கள் சங்கமே முன்வந்து அதைக் கேட்டால் என் கடிதத்தைவிட நூறு மடங்கு எடை இருக்கும்.

எங்கள் ஊர் அண்ணாச்சி இப்போது கடைக்கு வருவதில்லை. மகன்தான் பார்க்கிறார், பி.ஃபார்ம் படித்தவர். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் கன்னத்தைப் பார்த்து அண்ணாச்சியே பேச்சை எடுத்தார். "அன்னைக்கு எங்களுக்கும் தெரியாது தாயி. மருந்துக் கம்பெனி ரெப்பு வந்து சொன்னான், நாங்க குடுத்தோம்." மன்னிப்பு மாதிரியும் இருந்தது, வருத்தம் மாதிரியும் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

நான் மேலே கேட்டதையெல்லாம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டேன். பொங்கல் விடுமுறையில் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கொண்டுவருகிறேன். காலண்டர் தொங்குகிற ஆணிக்குக் கீழே அரை அடி இடம் போதும். செல்லோடேப் நானே எடுத்து வருகிறேன், கத்தரிக்கோல் மட்டும் உங்களிடம் இரவல் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கன்னத்தில் ஏழு குழியுள்ள ஒரு தமிழ் வாத்தியார்